ஆறு கிலோ நானூறு

அந்த ஆஸ்பத்திரியில் வயிற்றுப் புற்றுநோய் வந்தவர்களின் ஃபைல்கள், அவர்கள் உடம்பில் குறைந்த எடையைத் தங்கள் மேல் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தது, கட்டடத்துக்கு இரண்டாம் முறை வெள்ளையடித்த வருஷத்தில். அதற்கு முன்பே ஏறியிருக்கலாம், யாரும் கவனித்துத் தூக்கவில்லை. முதலில் மாட்டியது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் ஃபைல். மொத்தம் நாலே தாள், ஒரு அட்டை, ஒரு கயிறு. வார்டிலிருந்து கேட்டார்கள் என்று அதை எடுக்கப்போன, ஃபைல்களை வண்டியில் வைத்துத் தள்ளுகிற வண்டிக்காரர், ஒரு கையால் அலட்சியமாக இழுத்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சமையற்கூடத்திலிருந்து காய்கறித் தராசைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்ததில் பதினாலு கிலோ காட்டியது. கயிற்றை அவிழ்த்துத் தாள்களைத் தனித்தனியாக வைத்தால் காகிதத்தின் எடைதான். திரும்ப அட்டைக்குள் போட்டதும் பதினாலு கிலோ. வாத்தியார் அப்போது மூன்றாம் மாடியில் படுத்திருந்தார். போன வருஷத்துக்கு இந்த வருஷம் சரியாகப் பதினாலு கிலோ இளைத்திருக்கிறார் என்று வார்டு நர்ஸ் ஃபோனில் சொன்னாள். ஈரம் ஏறியிருக்கும் என்று சூப்பிரண்டு சொல்லிப் பார்த்தார். ஆனால் பக்கத்தில் இருந்த சர்க்கரை நோய்க்காரர் ஃபைலும், காசநோய்க்காரர் ஃபைலும், அவர்களும் இளைத்துத்தான் போயிருந்தும், காகிதமாகவே இருந்தன.

பதிவறை, கட்டடத்தின் பின்பக்கம் சலவைக்கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் இருந்தது. நூறு இரும்பு அலமாரி, சைபர் சைபரில் ஆரம்பித்துத் தொண்ணூற்றொன்பது வரைக்கும். நோயாளியின் நம்பரில் கடைசி இரண்டு எண் எதுவோ அதுதான் அலமாரி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வாரம் தலை சுற்றும். நம்பரக்காவுக்கு ஒருநாளும் சுற்றியதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையை நடத்திவந்தவள் அவள்தான். முகம் ஞாபகம் இருக்காது, பெயர் ஞாபகம் இருக்காது, நம்பர் மட்டும் மறக்காது. கடைத்தெருவில் யாராவது சிரித்தால், "நாலு ஒண்ணு ஏழு எட்டு மூணு ஆறு தானே நீங்க? கணுக்கால் முறிவு. இப்ப நல்லா நடக்கறீங்களே" என்று நாலு பேருக்கு நடுவில் கேட்டுவைப்பாள். பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் நம்பரக்காதான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அத்தனை பேருக்கும் நம்பர் போட்டவளுக்குச் சொந்தமாக ஒரு நம்பர் கிடையாது. அது பதிவறையின் எழுதாத சட்டம். எந்தக் காலத்திலோ அங்கே வேலை பார்த்த மூன்று பேர் அடுத்தடுத்துத் தங்கள் பெயரில் ஃபைல் திறந்தார்களாம், மூன்று பேரும் ஓய்வு பெறும் வயதைப் பார்க்கவில்லையாம். அதிலிருந்து உடம்புக்கு ஏதாவது என்றால் தாழ்வாரத்தில் போகிற டாக்டரை வழிமறித்து நாக்கை நீட்டுவார்கள், துண்டுச் சீட்டில் மருந்து எழுதி வாங்குவார்கள், ஃபைல் என்ற பேச்சே எடுக்கமாட்டார்கள். நிர்வாகம் ஒரு வருஷம் ஊழியர்கள் எல்லாருக்கும் கட்டாயப் பரிசோதனை வைத்தபோதுகூட, எடையும் ரத்தமும் எழுதிய மஞ்சள் தாளை வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் சொருகிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்தவர் தாள் ஒன்று இடம் மாறினால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவர்கள், தங்கள் தாள் எங்கே போயிற்று என்று தேடியதில்லை.

வாத்தியார் விஷயம் தெரிந்த வாரத்திலேயே நம்பரக்கா, பதினோரு வருஷத்தில் அந்த நோயோடு வந்தவர்களின் ஃபைல் அத்தனையையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கதையாக அது இல்லை. ஒரே ஆளின் கதையை அத்தனை தடவை நகல் எடுத்து வைத்ததுபோல் இருந்தது. முதல் வருகை நெஞ்செரிச்சல், வெள்ளை மருந்து ஒரு பாட்டில். எட்டு மாதம் கழித்து இரண்டாம் வருகை, அசதி, ரத்தக் குறைவு, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி நன்றாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது, வாந்தியோடு அவசர வாசல் வழியாக. அதற்கு ஐம்பது நாள் கழித்து நாலாவது. நாலாவதில் படுத்தவர்கள் பதினோராம் நாளைத் தாண்டியதில்லை. ஆண்கள் இரண்டு பங்கு, பெண்கள் ஒரு பங்கு. திங்கட்கிழமைகளில்தான் அதிகம் வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. முன்வாசல் வழியாகத் தன் காலில் நடந்து வந்து, வரிசையில் நின்று சீட்டு வாங்கி, முதல் தடவையே வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் நாற்பத்தொரு பேர். இன்னும் உயிரோடு மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்தவர்களில் முக்கால்வாசி அந்த நாற்பத்தொன்றில் இருந்தார்கள். மற்ற ஃபைல்களில் கடைசித் தாளில் கறுப்பு முத்திரை. அவள் கையாலேயே குத்தியதுதான் எல்லாம், ஆனால் ஒன்றாக வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இறந்தவர்கள் ஃபைல் ஏன் கனக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் வண்டிக்காரர். வாத்தியாரின் ஃபைல் ஏறிக்கொண்டே போய் இருபத்திரண்டு கிலோவில் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் அதை வண்டியில் வைத்துத் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு போகும்போது, வண்டி திடீரென்று கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடிச் சுவரில் முட்டியது. குனிந்து எடுத்தால் ஃபைல் வெறும் காகிதம். வார்டிலிருந்து ஃபோன் அதற்கு அப்புறம்தான் வந்தது. குணமாகிறவர்களின் ஃபைலும் இளைக்கும், ஆனால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நொடியில் இறங்கினால் அர்த்தம் ஒன்றுதான். அன்றிலிருந்து வண்டிக்காரர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தே தள்ளினார். வண்டி லேசாகிற இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பார், சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார், பிறகு வார்டுக்குப் போகாமல் பதிவறைக்கே திரும்பிவிடுவார். முப்பது வருஷமாக வாய் ஓயாமல் பேசிவந்த மனுஷன், அந்த வருஷத்தோடு பாதிப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் நாலு சுவருக்குள் இருக்கும். மூன்றே மாதத்தில் பதிவறை ஜன்னலில் கூட்டம் கூடிவிட்டது. "எதுக்களிச்சுக்கிட்டே இருக்கும்மா, என் ஃபைலைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்" என்று ஒரு பஸ் டிரைவர். மாமியார் ஃபைலைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி வந்த மருமகள், முகத்தில் என்ன எதிர்பார்ப்பு என்று சொல்லமுடியாது. ஒரு தையல்காரர் தன் ஃபைலைத் திருடிக்கொண்டே போய்விட்டார். வீட்டில் இருந்தால் தன் கண்பார்வையில் இருக்குமாம். 'ஃபைல் தூக்கிப் பார்க்கப்படமாட்டாது' என்று சூப்பிரண்டு பலகை மாட்டினார். பலகையைப் படித்துவிட்டு அதன் கீழேயே வரிசை நின்றது. ஊரில் பயம் எப்படி இருந்தது என்றால், புளித்த ஏப்பம் விட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆட்கள் யோசித்தார்கள்.

வயிற்று டாக்டரம்மா மட்டும் பயப்படவில்லை, கோபப்பட்டாள். இருபது வருஷமாக எல்லாரும் கடைசி நேரத்தில் வந்து தன் முன்னால் படுக்கிறார்களே என்ற கோபம். அவள் பதிவறைக்கு வந்து, நாலு ஃபைலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது எப்படின்னு தெரியவேண்டாம். திங்கட்கிழமை திங்கட்கிழமை, அரை கிலோவுக்கு மேல கூடின ஃபைல் நம்பரெல்லாம் என் மேஜைக்கு வரணும்" என்றாள். அந்த நம்பர்களுக்குக் கடிதம் போயிற்று. முதல் வருஷம் பத்தொன்பது கடிதம், வந்தவர்கள் பதினோரு பேர். மற்ற எட்டுப் பேரில் பஸ் டிரைவர் ஊரையே மாற்றிக்கொண்டு போனார், ஒருவர் கடிதம் கொண்டுபோனவரை அடிக்க வந்தார். நம்பரக்காவுக்கு அந்த எட்டுப் பேர்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெரிந்துகொள்ள வழி இருந்தும் கண்ணை மூடிக்கொள்கிறவர்களை என்ன சொல்ல என்று வண்டிக்காரரிடம் அலுத்துக்கொண்டாள்.

அப்படி அலுத்துக்கொண்ட நாலாம் மாதம், முப்பத்தேழாம் அலமாரியில் கைவைத்தபோது ஒரு ஃபைல் விரலுக்கு இழுத்துப் பிடித்தது. அது அவள் புருஷனுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வயிற்று எரிச்சல் என்று ஒரு தடவை காட்டியதில் திறந்த ஃபைல். எட்டுத் தாளோ ஒன்பது தாளோ இருக்கும். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தராசில் வைத்தாள். தொள்ளாயிரம் கிராம். எடுத்த இடத்திலேயே சொருகினாள். அந்தத் திங்கட்கிழமைப் பட்டியலில் அந்த நம்பரை எழுதவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் எழுதவில்லை. அதற்கடுத்த வாரம் ஒன்றே முக்கால் கிலோ ஆனபோதுதான், யார் யாரையெல்லாம் திட்டினோமோ அவர்களெல்லாம் தனக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

புருஷன் தராசுக்காரர். கடைகளிலும் மார்க்கெட்டிலும் தபால் ஆபீசிலும் தராசு பழுது பார்ப்பவர், எடைக்கல் சரிபார்ப்பவர். கையில் எடுத்த சாமான் எத்தனை கிராம் என்று ஐந்து கிராம் முன்பின்னாகச் சொல்லுவார், உப்பு ஜாடி தீர இன்னும் எத்தனை நாள் என்பதுவரை. பழுது பார்த்த மேடைத் தராசில் கடைசியாகத் தானே ஏறி நிற்பார். எழுபத்தொன்று காட்டினால் தராசு சரி, காட்டாவிட்டால் தராசில் கோளாறு. இருபது வருஷமாக அவர் எழுபத்தொன்றுதான். ஃபைல் விஷயத்தைச் சொல்லி, குழாய் விட்டுப் பார்க்க வரச்சொன்னபோது அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எனக்கென்ன கேடு? கல்லைத் தின்னாலும் கரையுது. இன்னைக்குக் காலையில ரெண்டு தராசுல நின்னேன், ரெண்டுலயும் எழுபத்தொண்ணு."

"தராசைத் திருத்தத் தெரிஞ்சவருக்கு எழுபத்தொண்ணு காட்ட வைக்கத் தெரியாதா?" என்றாள் அவள்.

அவர் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அதைவிடப் பெரிய வசை அந்தத் தொழிலில் கிடையாது. இரண்டு நாள் பேசவில்லை.

அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை, பயம்தான் பெரிதாக இருந்தது. ஆண்கள் மறைப்பார்கள் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைலில் படித்திருந்தாள். சாப்பிடும்போது அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா, முகம் சுளிக்கிறாரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில், தன் தட்டில் போட்டது போட்டபடியே காயும். அவர் இருமினால் இவளுக்கு உயிர் போய் வரும். ஆபீசில் மேஜை இழுப்பறையில் வெள்ளை மருந்து பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டாள். பயத்தில் நெஞ்சு எரிகிறதே, காலையில் ஒரு மூடி, மத்தியானம் ஒரு மூடி. கனத்த ஃபைல்களைத் தூக்கித் தூக்கிக் கைகால் ஓய்ந்துபோகும். "பாதியாயிட்டீங்களே அக்கா" என்று வண்டிக்காரர் சொன்னார். "கவலை திங்குதுப்பா" என்றாள். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைக்கு ஏறியது. தராசுக்காரர் கோபம் தணிந்த ஒருநாள், அதைக் கழற்றி வாங்கி, தன் ஊசியால் வாரில் புது ஓட்டை ஒன்று போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் இன்னொன்று போட்டார். கச்சிதமான ஓட்டை, பிசிறு இல்லாமல்.

ஃபைல் ஐந்தரை கிலோவைத் தாண்டியபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்து, நீங்கள் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று அழுதாள். அதற்குமேல் அவரால் முடியவில்லை. முன்வாசல் வழியாகத்தான் போகவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும் என்று அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்தாள், எடுத்தாள், இன்னொரு தடவை விட்டும் பார்த்தாள். "வயிறு புதுசா வாங்கினது மாதிரி இருக்கு. போய் வேலையைப் பாருங்க" என்றாள். நம்பரக்கா தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எதிரே வந்த நர்ஸைக் கட்டிப்பிடித்தாள். பிறகு நேராகப் பதிவறைக்கு ஓடி முப்பத்தேழாம் அலமாரியிலிருந்து ஃபைலை இழுத்தாள். அது அவள் கையைக் கீழே இழுத்தது. ஆறு கிலோ நூறு. குழாய்க்கே பிடிபடாத இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தாள்.

மூன்று வாரம் வீடு வீடாக இல்லை. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அவள், பைத்தியமா உனக்கு என்று அவர். கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேடைத் தராசு ஒன்றை முதுகில் சுமந்துகொண்டு அவர் பதிவறைக்குள் வந்தார். அந்தப் பழைய வசை உள்ளே அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தரையில் தராசை இறக்கி, நாலு மூலையும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்து, ஃபைலை வைத்தார். ஆறு கிலோ நானூறு.

"தராசு கிறுக்குத்தனமாக் காட்டினா நான் தராசைத் திட்டமாட்டேன்" என்றார். "தட்டுல என்னென்ன கெடக்குன்னு பார்ப்பேன்."

கயிற்றை அவிழ்த்து, அட்டை தராசிலேயே இருக்க, தாள்களை ஒவ்வொன்றாக உருவினார். முதல் வருகைச் சீட்டு. முள் அசையவில்லை. மருந்துச் சீட்டு. அசையவில்லை. குழாய் விட்டுப் பார்த்த அறிக்கை, ரத்தப் பரிசோதனை, இன்னொரு மருந்துச் சீட்டு. ஆறு கிலோ நானூறு ஆறு கிலோ நானூறாகவே இருந்தது. கடைசியாக, அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் தாளை நகத்தால் பிரித்து எடுத்தார். முள் ஒரே குதியில் சைபருக்கு வந்தது.

"இது யாருது?"

"அது என்னோடதுங்க" என்றாள் நம்பரக்கா. "போன வருஷம் செக்கப்புல குடுத்தாங்க. எங்க வைக்கறதுன்னு தெரியாம, உங்க ஃபைல்ல..." இருபத்திரண்டு வருஷத்தில் அடுத்தவர் தாளை இடம் மாற்றி வைத்ததற்காக நாலு பேரை அவள் வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறாள்.

வண்டிக்காரர் ஒரு புது அட்டையை எடுத்து நீட்டினார். தராசுக்காரர் மஞ்சள் தாளை அதற்குள் போட்டுத் தராசில் வைத்தார். ஆறு கிலோ நானூறு. அதை எடுத்துவிட்டு, "ஏறி நில்லு" என்றார். தராசுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம், அவள் ஒரு நாளும் தராசில் ஏறியதில்லை. ஏறினாள். ஐம்பத்தொன்று எண்ணூறு. மஞ்சள் தாளில் ஐம்பத்தெட்டு இருநூறு என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ரத்தம் குறைவு என்று சிவப்பில் கோடு போட்டிருந்தது. யாரும் படித்ததில்லை. அவர் அவளை இறங்கச் சொல்லி, முள்ளைச் சரிபார்த்து, மறுபடி ஏறச் சொன்னார். தொழிலில் எதையும் இரண்டு தடவை நிறுத்துத்தான் சொல்வது வழக்கம். பிறகு அவள் கையைப் பிடித்துக் கடிகார வாரைத் திருப்பிப் பார்த்தார்.

"நான்தானே போட்டேன்" என்றார். "ரெண்டு ஓட்டை. என் கையாலேயே போட்டேன்."

அவள் அப்போது பயப்படவில்லை. இத்தனை மாதம் அவருக்காகப் பயந்ததில் தனக்கென்று மிச்சம் வைக்கவில்லை போலிருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்து, பாதி காலியான வெள்ளை மருந்து பாட்டிலைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. முதல் வருகை நெஞ்செரிச்சல், வெள்ளை மருந்து ஒரு பாட்டில். அவள் எத்தனை தடவை படித்த கதை. அடுத்த வரி என்ன, அதற்கடுத்த வரி என்ன, எத்தனை நாள் இடைவெளி என்பதெல்லாம் மனப்பாடம். தராசுக்காரர் சட்டையைக் கழற்றி அவள்மேல் போர்த்தினார்.

நம்பர் போடாமல் குழாய் விட்டுப் பார்க்க முடியாது. "உங்க பேர்ல ஃபைல் வேண்டாம்கா. என் பேர்ல போட்டு உள்ள தாளை வச்சிக்கலாம்" என்று வண்டிக்காரர் கெஞ்சினார். பதிவறை ஆள் பேசுகிற பேச்சுதான் அது. தாளை இடம் மாற்றியதால் வந்த வினைக்கு இன்னொரு தடவை தாளை இடம் மாற்றச் சொல்கிறார். நம்பரக்கா பேரேட்டை இழுத்துத் தன் பெயரைத் தானே எழுதி, எதிரே அடுத்து வந்த நம்பரைப் போட்டாள். கடைசி இரண்டு எண் எண்பத்துநாலு. திங்கட்கிழமை வேண்டாம் என்று வியாழக்கிழமை வரை காத்திருந்தாள். ஊழியர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகலாம், போகவில்லை. முன்வாசல் வழியாகத் தன் காலில் நடந்து, வரிசையில் நாற்பதாவது ஆளாக நின்றாள். டாக்டரம்மா குழாயை எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னும் மூணு மாசம் விட்டிருந்தீங்கன்னா என்கிட்ட வந்தே பிரயோஜனமில்ல" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நம்பரக்கா கேட்கவில்லை. டாக்டரம்மா தானாகச் சொன்னது ஒரே வார்த்தைதான். "பார்க்கலாம்."

ஆபரேஷன் அன்று எல்லாருடைய புருஷனும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், தராசுக்காரர் உட்காரவில்லை. பதிவறைக்கு வந்து, மேடைத் தராசில் எண்பத்துநாலாம் அலமாரி ஃபைலை வைத்துவிட்டு எதிரே குந்தினார். அதற்குள் ஏழு கிலோ ஆகியிருந்தது. சலவைக்கூடத்து இரைச்சலில் தரை லேசாக அதிரும், முள்ளும் அதிரும். வண்டிக்காரர் வண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார், வண்டியில் ஒன்றும் இல்லை. முதல் ஒரு மணி நேரம் ஏழு கிலோ. இரண்டாம் மணியும் ஏழு கிலோ. பதினொன்றே கால் மணிக்கு முள் இறங்க ஆரம்பித்தது. கிராம் கிராமாக இல்லை, கண்ணுக்குத் தெரிய இறங்கியது. ஆறரை, ஆறு, ஐந்தரை. தராசுக்காரர் இரண்டு கையாலும் ஃபைலைப் பிடித்துக் கீழே அமுக்கினார். வாழ்நாளில் எந்தத் தராசிலும் விரல் வைத்து அமுக்காத மனுஷன். முள் ஏழைத் தாண்டி ஒன்பதுக்கு ஏறியது, அவர் கையின் பாரம் அது. "கையை எடுங்கண்ணே" என்று வண்டிக்காரர் அழுதார். "எவ்வளவு இருக்குன்னு தெரியல, கையை எடுங்க." எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தால் சைபர் காட்டிவிடும் என்று பயந்தார். அப்படியே எத்தனை நிமிஷம் இருந்தார் என்று இரண்டு பேராலும் பிற்பாடு சொல்லமுடியவில்லை. கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தார். முள் ஆடி ஆடி நாலு கிலோ நூறில் நின்றது. நின்றே இருந்தது. ஃபோன் அடித்தபோது வண்டிக்காரர்தான் எடுத்தார். முக்கால் வயிற்றை எடுத்துவிட்டார்கள், ஆள் பிழைத்துக் கிடக்கிறாள் என்று சொன்னார்கள்.

அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. நம்பரக்கா ஒரு நாளைக்கு எட்டு வேளை, குருவி கொறிக்கிற அளவு சாப்பிடுகிறாள். வேலைக்கு வருகிறாள். திங்கட்கிழமைப் பட்டியல் தவறாமல் போகிறது, போன வருஷம் அறுபத்திரண்டு கடிதத்துக்கு ஐம்பத்தைந்து பேர் முன்வாசல் வழியாக வந்தார்கள். தராசில் ஃபைலை வைத்து எடையைப் பென்சிலால் அட்டையின் மூலையில் எழுதுவது பதிவறையின் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது, தூசி தட்டுவதற்கும் டீ வாங்குவதற்கும் நடுவில். புதிதாகச் சேருகிறவர்கள் காரணம் கேட்பதில்லை. சூப்பிரண்டு அந்தப் பலகையைக் கழற்றி, மறுபக்கத்தில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதி மாட்டிவிட்டார். பதிவறையில் இப்போது எல்லாருக்கும் நம்பர் உண்டு, வண்டிக்காரருக்கும்.

அவளுடைய ஃபைல் மட்டும் அலமாரியில் இல்லை. போன வயிறு போனதுதான் என்பதாலோ என்னவோ, அது நாலு கிலோ நூறுக்குக் கீழே இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. தராசுக்காரர் பழைய இரட்டைத் தட்டுத் தராசு ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து அவள் மேஜை ஓரத்தில் நிறுத்தி, ஒரு தட்டில் ஃபைலையும் மறு தட்டில் நாலு கிலோ நூறுக்குச் சோதித்த எடைக்கற்களையும் வைத்துவிட்டார். மாதத்துக்கு ஒரு தடவை வந்து கற்களைச் சரிபார்த்துவிட்டுப் போகிறார். அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சீட்டுகளைப் பிரிக்கிறாள், நம்பர் போடுகிறாள், முத்திரை குத்துகிறாள். யாராவது கதவைத் திறந்தால் காற்றில் தட்டுகள் ஆடும், முள் நடுவைவிட்டு விலகும். அப்போது அந்த அறையில் இருப்பவர்கள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவார்கள். வந்தவரும், விஷயம் தெரிந்தவராக இருந்தால், கதவைச் சாத்திவிட்டு அசையாமல் நிற்பார். முள் ஆடி ஆடி நடுவில் வந்து நின்ற பிறகு, நம்பரக்கா மூச்சை விட்டு, "சொல்லுங்க, நம்பர் என்ன?" என்று கேட்பாள்.